பெர்லினில் ஒரு மாணவர்: டாக்டர் ஜாகிர் உசேனின் அயல்நாட்டுக் கல்வி வாழ்வு

கடல் கடந்து பொருள் தேடுதல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. கடல் கடந்து கல்வி தேடுதலும் இசுலாமிய வரலாற்றில் புதியதன்று. ஓர் ஆசிரியரிடம் ஒரு செய்தியைக் கேட்டறிவதற்காகவே மாதக் கணக்கில் பாலைவழி நடந்த அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகள் நமக்குண்டு. இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் மேற்படிப்புக்காக விமானம் ஏறுகின்றனர். பெற்றோர் நகையை அடகு வைத்தும், வங்கியில் கடன் பெற்றும் அவர்களை வழியனுப்புகின்றனர். சென்றவர் என்ன பட்டம் பெற்றார், என்ன ஊதியம் பெறுகிறார் என்னும் வினாக்களை ஊரார் தவறாமல் கேட்கின்றனர். அங்கிருந்து அவர் என்ன கொண்டு வந்தார், அதனால் யார் பயனடைந்தனர் என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. அவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் இந்தியக் குடியரசின் மூன்றாவது தலைவராக விளங்கிய டாக்டர் ஜாகிர் உசேன் ஆவார்.

அவரைக் குடியரசுத் தலைவராகவே பலரும் அறிவர். அவர் பெர்லின் நகரில் மாணவராக வாழ்ந்த ஏறத்தாழ நான்கு ஆண்டுகளைப் பற்றி அறிந்தோர் குறைவு. பின்னாளில் அவர் ஆற்றிய பணிகள் பலவற்றிற்கும் வித்து அந்நான்கு ஆண்டுகளிலேயே ஊன்றப்பட்டது எனலாம். எனவே அக்கால வாழ்வை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் இழப்பும்

ஜாகிர் உசேன் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அவர்தம் குடும்பம் இன்றைய உத்தரப்பிரதேசத்தின் பரூக்காபாத் மாவட்டத்திலுள்ள காயம்கஞ்ச் என்னும் ஊரைச் சார்ந்த பட்டாணியர் குடும்பமாகும். தந்தையார் பிதா உசேன் கான் ஐதராபாத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திச் செல்வாக்குப் பெற்றவர். எழுவர் ஆண்மக்களுள் ஜாகிர் உசேன் மூன்றாமவர்.

பத்து வயதில் தந்தையை இழந்தார். குடும்பம் காயம்கஞ்சுக்குத் திரும்பியது. எட்டாவா நகரின் இசுலாமியா உயர்நிலைப் பள்ளியில் விடுதி மாணவராக அவர் பயின்று வந்த காலத்தில், 1911ஆம் ஆண்டு, கொள்ளை நோய் அன்னையாரையும் பறித்துச் சென்றது. பதினான்கு வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்த அச்சிறுவனுக்குப் பள்ளியே வீடாயிற்று; ஆசிரியர்களே உற்றாராயினர். கல்விக்கூடத்தை ஒரு குடும்பமாகக் கருதும் மனப்பாங்கு அவரிடம் பிற்காலத்தில் ஓங்கி நின்றதற்கு இவ்விளமைத் துயரும் ஒரு காரணமாயிருத்தல் கூடும்.

மருத்துவம் பயில வேண்டும் என்பதே அவரது முதல் விருப்பம். அதற்கென அறிவியல் வகுப்பிற் சேர்ந்தார். நோய் குறுக்கிட்டது, அவ்வழி அடைபட்டது. பின்னர் அலிகார் முகமதிய ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியிற் பயின்று 1918இல் இளங்கலைப் பட்டம் பெற்று, பொருளியலில் முதுகலையும் சட்டமும் பயிலலானார். இடையே 1915ஆம் ஆண்டில் ஷாஜகான் பேகம் அவர்களை மணந்திருந்தார்.

அலிகாரில் ஒரு திருப்பம்

1920ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் காந்தியடிகளும் மௌலானா முகம்மது அலியும் அலிகாருக்கு வருகை தந்தனர். ஆங்கில அரசின் உதவியை ஏற்கும் கல்வி நிலையங்களைத் துறந்து வெளியேறுமாறு மாணவர்களை வேண்டினர். நல்ல ஊதியம், அரசுப் பதவி, குடும்பத்தாரின் எதிர்பார்ப்பு ஆகிய அனைத்தும் ஒரு புறமும், நாட்டின் அழைப்பு மறு புறமுமாக நின்றன. ஜாகிர் உசேன் வெளியேறினார். வெளியேறியதோடு அவர் நின்றுவிடவில்லை. வெளியேறிய மாணவர்கள் பயில்வதற்கு ஒரு கல்விக்கூடம் வேண்டுமன்றோ? அதனை உருவாக்குமாறு தலைவர்களைத் தூண்டியோருள் அவரும் முதன்மையானவர்.

இவ்வாறு 1920 அக்டோபர் 29ஆம் நாள் அலிகாரில் ஜாமியா மில்லியா இஸ்லாமியா என்னும் தேசியப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஹக்கீம் அஜ்மல் கான் அதன் முதல் வேந்தர். மௌலானா முகம்மது அலி முதல் துணைவேந்தர். தொடக்கத்தில் கூடாரங்களிலும் வாடகைக் கட்டடங்களிலும் வகுப்புகள் நடைபெற்றன. ஜாகிர் உசேன் அங்கே ஆசிரியப் பணியை மேற்கொண்டார்.

இரண்டாண்டுகள் கழிந்தன. உணர்ச்சியால் ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கிவிடலாம். உணர்ச்சியால் மட்டும் அதனை நடத்திவிட இயலாது என்பது அவருக்குப் புலனாயிற்று. ஆழ்ந்த கல்வி வேண்டும்; கல்வி என்பது யாது என்னும் தெளிவும் வேண்டும். அவற்றைத் தேடி 1922ஆம் ஆண்டு அவர் ஜெர்மனிக்குப் பயணமானார்.

பெர்லின் நகரில்

அக்காலத்தில் அயல்நாட்டுக் கல்வி என்றால் இந்தியர்க்குப் பெரும்பாலும் இலண்டனும் ஆக்சுபோர்டும் கேம்பிரிட்ஜுமே நினைவிற்கு வரும். ஆங்கிலம் அறிந்தவர்க்கு அங்கே மொழித் தடையில்லை. திரும்பி வந்தால் அரசுப் பதவியும் கிட்டும். ஜாகிர் உசேன் தேர்ந்துகொண்ட வழியோ வேறு. முதலாம் உலகப்போரில் தோல்வியுற்று வறுமையிற் சிக்கித் தவித்துக்கொண்டிருந்த நாட்டின் தலைநகரை நாடினார் அவர். புதிய மொழியொன்றை அடிப்படையிலிருந்து கற்று, அம்மொழியிலேயே ஆய்வேடு எழுத வேண்டிய கடமையையும் ஏற்றார். ஐன்ஸ்டீனும் மாக்ஸ் பிளாங்கும் அக்காலத்தில் பெர்லினில் வாழ்ந்தனர் என்றால் அந்நகரின் அறிவுச் சூழலை நாம் ஒருவாறு உணரலாம்.

பெர்லின் பல்கலைக்கழகத்தில் வெர்னர் சோம்பார்ட் என்னும் புகழ்பெற்ற பொருளியல் பேராசிரியரிடம் அவர் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். முதலாளித்துவத்தின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்தவர் சோம்பார்ட். இந்திய மாணவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருளோ ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் இந்திய வேளாண்மையின் அமைப்புப் பற்றியது. பெர்லினில் இருந்துகொண்டு தம் நாட்டு உழவரின் நிலத்தையும் வரியையும் கடனையும் அவர் ஆராய்ந்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஆய்வுக்கருவிகள் அயல்நாட்டுடையவை, ஆராயப்பட்ட துயரம் தாய்நாட்டுடையது.

அந்நாளைய பெர்லின் வாழ்வு எளிதாக இருந்ததில்லை. 1923ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாணயமான மார்க் மதிப்பிழந்து மண்ணாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 4.2 லட்சம் கோடி மார்க்குகள் என்னும் நிலை உண்டாயிற்று. முதியோர் வாழ்நாள் முழுவதும் சேமித்த பணம் ஒரு வேளை உணவிற்கும் பயன்படாமற் போயிற்று. பவுனும் டாலரும் கையில் வைத்திருந்த அயல்நாட்டார் அந்நகரில் செல்வர் போல் வாழ முடிந்தது. புதிய மார்க் வெளியிடப்பட்டு நாணயம் நிலைபெற்ற பின்னர், அதே அயல்நாட்டு மாணவர்க்கு வாழ்க்கைச் செலவு திடீரென உயர்ந்தது. மக்கள் வறுமையுறும்போது தான் வசதியாக வாழ்வதும், அடுத்த ஆண்டிலேயே தானும் சிக்கனத்தில் ஒடுங்குவதும் பொருளியல் மாணவர்க்கு எந்நூலும் கற்பிக்க இயலாத பாடங்களாகும்.

இத்தகைய சூழலில் இந்தியாவைப் பற்றி ஜெர்மானியர்க்கு எடுத்துரைக்கும் பணியையும் அவர் மேற்கொண்டார். ஆல்பிரட் எரென்ட்ரைக் என்னும் ஜெர்மானிய அறிஞருடன் இணைந்து காந்தியடிகளின் கருத்துகளை விளக்கும் நூலொன்றை 1924இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். அயல்நாட்டில் பயிலும் மாணவர் அந்நாட்டாரிடம் பெறுபவர் மட்டுமல்லர். அவர்க்குத் தருபவரும் ஆவார் என்பதற்கு இந்நூல் சான்றாகும்.

அச்சுக்கூடத்தில் ஒரு மாணவர்

பெர்லினில் ஈரானியர் நடத்திவந்த காவியானி அச்சகம் என்னும் அச்சகம் ஒன்று இருந்தது. பாரசீக, அரபு எழுத்துகளில் நூல்களை அழகுற அச்சிட்டுப் பெயர் பெற்றது அது. உருதுப் பெருங்கவிஞர் மிர்சா காலிபின் கவிதைத் தொகுப்பைக் கையடக்கப் பதிப்பாக அங்கே வெளியிட ஜாகிர் உசேன் விரும்பினார். உருதுவை அச்சுக்கோக்கத் தேர்ந்த தொழிலாளர் பெர்லினில் எங்ஙனம் கிடைப்பர்? ஆகவே அவரே எழுத்துப் பெட்டியின் முன் நின்று, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்கலானார். 1925ஆம் ஆண்டு வெளிவந்த அச்சிறு நூல் காலிப் கவிதைப் பதிப்புகளுள் எழில் மிக்கதாக இன்றும் போற்றப்படுகிறது.

இந்நிகழ்ச்சியைச் சிறியதெனத் தள்ளிவிடலாகாது. நிலவுடைமைக் குடும்பத்திற் பிறந்தவர், பல்கலைக்கழக ஆய்வாளர், கையால் செய்யும் தொழிலைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் வேரூன்றிய நாட்டிலிருந்து சென்றவர். அவர் மையும் ஈயமும் படிந்த விரல்களோடு அச்சகத்தில் நின்றார். அயல்நாடு சென்றதால் தம் மொழியை மறவாமல், அயல்நாட்டுப் பொறியைக் கொண்டே தம் மொழிக்கு அணி செய்தார். கைத்தொழில் அறிவைக் கூர்மைப்படுத்தும் என்னும் உண்மையும் அவருக்கு அங்கே பட்டறிவாயிற்று.

கைத்தொழிலும் கல்வியும்

பொருளியல் பட்டத்திற்காகச் சென்றவர் பெர்லினில் கல்வியியலிலும் தோய்ந்தார். எடுவர்ட் ஸ்பிராங்கர் என்னும் பேராசிரியரின் சிந்தனைகள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. மியூனிக் நகரப் பள்ளிகளை 1895 முதல் 1919 வரை நெறிப்படுத்திய கியோர்க் கெர்ஷன்ஸ்டைனரின் கொள்கையும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. மாணவன் மனப்பாடம் செய்யும் பொறியாகாமல், பயனுள்ள ஒரு வேலையைத் திருத்தமாகச் செய்து முடிப்பதன் வாயிலாக அறிவும் ஒழுக்கமும் பெற வேண்டும் என்பது அக்கொள்கையின் சாரம். தேர்வுக்கு இடம்பெறாத இப்பாடமே அவர் பெர்லினிலிருந்து கொணர்ந்த பெருஞ்செல்வம் எனல் மிகையாகாது.

மூடப்படவிருந்த கல்விக்கூடம்

ஜாகிர் உசேன் பெர்லினில் ஆய்வில் மூழ்கியிருந்தபோது, அலிகாரில் ஜாமியா நலிந்துகொண்டிருந்தது. ஒத்துழையாமை இயக்கம் 1922இல் நிறுத்தப்பட்டது. 1924ஆம் ஆண்டு மார்ச்சில் துருக்கி அரசு கிலாபத்தையே ஒழித்தது. கிலாபத் குழுவின் உதவியை நம்பியிருந்த கல்விக்கூடத்திற்கு வருவாய் வறண்டது. மாணவர் தொகை குறைந்தது. இனி இதனை மூடிவிடுவதே தக்கது என்னும் பேச்சும் எழுந்தது. காந்தியடிகளும் ஹக்கீம் அஜ்மல் கானும் அதனைக் காக்க முனைந்தனர். 1925இல் ஜாமியா தில்லியின் கரோல்பாக் பகுதிக்கு மாற்றப்பட்டது.

இச்செய்தி பெர்லினை எட்டியது. அங்கே ஜாகிர் உசேனுக்கு உற்ற நண்பர் இருவர் இருந்தனர். ஒருவர் ஸ்பிராங்கரிடம் கல்வியியலில் ஆய்வு செய்த ஆபித் உசேன். மற்றவர் ஆக்சுபோர்டில் வரலாறு பயின்று, அச்சுத்தொழில் கற்கும் பொருட்டு ஜெர்மனி வந்திருந்த முகம்மது முஜீப். தாமும் தம் நண்பர்களும் ஜாமியாவிற்கே வாழ்வை ஒப்படைக்க ஆயத்தமாக இருப்பதாகவும், தாங்கள் திரும்பும் வரை அதனை மூடவேண்டா என்றும் ஜாகிர் உசேன் தலைவர்களைக் கேட்டுக்கொண்டார்.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. உணர்ச்சி வயப்பட்டு ஆய்வைப் பாதியிற் கைவிட்டு உடனே ஓடிவருதல் ஒன்று. எங்கோ ஒரு கல்விக்கூடம் மூடப்பட்டால் தமக்கென்ன என்று தம் முன்னேற்றத்தை மட்டும் நோக்குதல் மற்றொன்று. அவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். எடுத்த ஆய்வை முடித்தார். கொடுத்த வாக்கையும் காத்தார். ஆய்வை முடிக்காமல் வந்திருந்தால் கல்விக்கூடத்திற்கு அவர் அறிவு முழுமையாகப் பயன்பட்டிராது. வாக்கை மறந்திருந்தால் அப்பட்டம் அவருக்கு மட்டுமே உரிய அணிகலனாக முடிந்திருக்கும்.

டாக்டர் பட்டம் பெற்று, 1926ஆம் ஆண்டு பிப்ரவரியில் நண்பர் மூவரும் தாயகம் திரும்பினர். 29 வயதே நிரம்பிய ஜாகிர் உசேன் ஜாமியாவின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார்.

வறுமையில் வளர்ந்த வாக்கு

அவர்கள் வந்து சேர்ந்த கல்விக்கூடத்தில் கட்டடமில்லை, நிதியில்லை. அதன் செலவில் பெரும்பகுதியைத் தம் சொந்தப் பணத்திலிருந்து தாங்கிவந்தவர் மருத்துவப் பெருமகனாரான ஹக்கீம் அஜ்மல் கான். 1927ஆம் ஆண்டு டிசம்பரில் அவரும் மறைந்தார். இனி ஜாமியா நிலைக்காது என்றே பலரும் எண்ணினர். அப்போது ஜாகிர் உசேனும் உடன் பணியாற்றிய ஆசிரியர்களும் கூடி, மாதம் 150 ரூபாய்க்கு மேற்படாத ஊதியத்தில் இருபது ஆண்டுகள் ஜாமியாவிலேயே பணியாற்றுவதாக உறுதிமொழி ஏற்றனர். அத்தொகையும் உரிய காலத்தில் கிடைக்காத மாதங்கள் பல.

பெர்லின் டாக்டர் பட்டத்திற்கு அந்நாளில் இந்தியாவில் இருந்த மதிப்பை எண்ணிப் பார்ப்போர்க்கு இவ்வுறுதிமொழியின் எடை புரியும். இதன் சுமையை அவர் மட்டும் தாங்கவில்லை. இல்லத்தை நடத்திய ஷாஜகான் பேகம் அவர்களும், ஏனைய ஆசிரியர்களின் துணைவியரும் பங்கிட்டுச் சுமந்தனர். வரலாறு ஆடவரின் உறுதிமொழிகளையே பெரும்பாலும் எழுதி வைக்கின்றது. அவை நிறைவேறக் காரணமான அடுப்படிச் சிக்கனத்தை எழுத மறந்துவிடுகின்றது.

பெர்லினிலிருந்து வந்த அம்மையார்

பெர்லினில் ஜாகிர் உசேனும் நண்பர்களும் பெற்ற நட்புகளுள் குறிப்பிடத்தக்கது கெர்டா பிலிப்ஸ்பார்ன் என்னும் யூதப் பெண்மணியின் நட்பாகும். அந்நகரின் இசை, நாடகம், கல்வி வட்டங்களை அவர்களுக்கு அறிமுகம் செய்து வைத்தவர் அவர். ஜாமியாவைப் பற்றி அவர்கள் பேசக் கேட்டு அதன்பால் ஈர்ப்புற்றார். ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றிய காலத்தையொட்டி அவர் இந்தியா வந்து ஜாமியாவில் சேர்ந்தார். சிறு குழந்தைகளின் கல்வியிலும் விடுதிப் பணியிலும் தம்மை முழுதும் ஈடுபடுத்திக்கொண்டார். குழந்தைகள் அவரை ஆபா ஜான், அதாவது அன்புத் தமக்கை, என்றே அழைத்தனர்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, ஜெர்மன் நாட்டவர் என்பதால் ஆங்கில அரசு அவரைச் சிறிது காலம் காவலில் வைத்தது. யூதர் என்பதால் பிறந்த நாட்டில் இடமில்லை. ஜெர்மானியர் என்பதால் புகுந்த நாட்டில் சிறை. ஆயினும் ஜாமியாவின் குழந்தைகள் அவரை அந்நியராக எண்ணவில்லை. 1943இல் மறைந்த அவர் ஜாமியாவின் அடக்கத் தலத்திலேயே துயில் கொள்கிறார். அங்குள்ள குழந்தைகள் காப்பகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அயல்நாட்டுக் கல்வியால் ஒருவர் பெறும் பேறுகளுள், சமயமும் நாடும் மொழியும் கடந்த இத்தகைய நட்பினும் உயர்ந்தது எதுவோ?

வார்தாவில் விளைந்த பயிர்

1937ஆம் ஆண்டு அக்டோபரில் காந்தியடிகள் வார்தாவில் கல்வி மாநாடு ஒன்றைக் கூட்டினார். கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வித் திட்டம் அங்கே வடிவு பெற்றது. பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவிற்கு ஜாகிர் உசேன் தலைவரானார். அக்குழுவில் தமிழர் இருவர் இடம்பெற்றிருந்தனர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. ஒருவர் யாழ்ப்பாணத்தைச் சார்ந்த ஆரியநாயகம்; மற்றொருவர் தஞ்சையிற் பிறந்த ஜே.சி. குமரப்பா. குமரப்பாவும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்று திரும்பிச் சிற்றூர்ப் பொருளாதாரத்திற்கே வாழ்வை ஈந்தவர்.

மியூனிக் பள்ளிகளின் கொள்கையும் காந்தியடிகளின் இராட்டையும் வார்தாவில் சந்தித்தன எனலாம். ஜாகிர் உசேன் அயல்நாட்டுக் கொள்கையை அப்படியே பெயர்த்து வந்து நடவில்லை. தொழில் வெறும் உற்பத்தியாக முடிந்துவிடலாகாது, அதனால் கல்வி விளைய வேண்டும் என்பதை அவர் வலியுறுத்தினார். அக்குழுவின் அறிக்கை அவ்வாண்டு டிசம்பரிலேயே வெளிவந்தது. தமிழகத்துச் சிற்றூர்களில் ஒரு காலத்தில் ஆதாரப் பள்ளிகளில் தக்கிளி சுழற்றிப் பயின்ற முதியோர் இன்றும் உளர். தங்கள் கையிலிருந்த தக்கிளிக்கும் பெர்லின் நகர விரிவுரைகளுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

உயர்ந்த பதவிகளும் இறுதி உறைவிடமும்

1948 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், ஜாமியாவின் துணைவேந்தராக அவர் விளங்கினார். பின்னர், தாம் மாணவப் பருவத்தில் துறந்து வெளியேறிய அலிகாருக்கே துணைவேந்தராகச் சென்று, நாட்டுப் பிரிவினைக்குப் பின் கலங்கி நின்ற அப்பல்கலைக்கழகத்தை நிலைநிறுத்தினார். 1957இல் பீகார் ஆளுநர். 1962இல் குடியரசுத் துணைத் தலைவர். 1963இல் பாரத ரத்னா விருது. 1967 மே 13இல் குடியரசுத் தலைவர் எனப் பெருமைகள் அவரை நாடி வந்தன. 1969 மே 3ஆம் நாள், பதவியில் இருக்கும்போதே அவர் உயிர் நீத்தார். அவரது உடல் ஜாமியா வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. மூடவேண்டா என்று பெர்லினிலிருந்து வேண்டிக்கொண்ட அதே கல்விக்கூடம் அவருக்கு இறுதி உறைவிடம் தந்தது. 1988இல் அது மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. நம் தமிழகத்தில் இளையான்குடியில் அவர் பெயர் தாங்கிய கல்லூரி கல்விப்பணி ஆற்றி வருகிறது.

நாம் கொள்ள வேண்டுவன

அயல்நாடு சென்றோர் அனைவரும் திரும்பியே ஆக வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. குடும்பச் சூழல், கடன் சுமை, தொழில் வாய்ப்பு எனக் காரணங்கள் பல. அங்கேயே தங்கியவாறு தம் ஊருக்கும் கல்விக்கும் உதவுவோர் நம்மிடையே பலர் உளர், அவர்கள் நன்றிக்குரியோர். ஆயின் எங்கிருப்பினும், கற்கும் கல்வி யாருக்காக என்னும் வினா மாணவர் நெஞ்சில் இருத்தல் வேண்டும். ஜாகிர் உசேன் பெர்லினில் அவ்வினாவை மறவாதிருந்தார். அதனால் ஆய்வு, அச்சகம், நட்பு ஆகிய யாவும் அவருக்குப் பாடமாயின.

ஆசிரியப் பெருமக்கள் எண்ணத்தக்கது, அந்த 150 ரூபாய் உறுதிமொழி. இன்றைய ஆசிரியர்க்கு அவ்வறுமை வேண்டா, அவ்வுறுதி வேண்டும். சமுதாயப் பெரியோர் எண்ணத்தக்கது ஹக்கீம் அஜ்மல் கானின் செயல். அயல்நாட்டில் பயிலும் ஓர் இளைஞரின் சொல்லை நம்பி, அவர் திரும்பி வரும் வரை தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கல்விக்கூடத்தின் கதவைத் திறந்து வைத்திருந்தார் அவர். பிள்ளைகளை வழியனுப்புவது மட்டும் நம் கடமையன்று. கற்றுத் திரும்பும் பிள்ளைகளுக்குப் பணியாற்ற இடமும் மதிப்பும் இங்கே உண்டாக்கி வைப்பதும் நம் கடமையே. கதவு திறந்திருந்தமையாலன்றோ ஜாகிர் உசேன் திரும்பி வந்து உள்ளே நுழைய முடிந்தது!